சாப்பாட்டுப் படம் எங்கே கெடுகிறது?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் முறுக்குப் படங்கள் வரிசையாக வந்து விழும். முறுக்கு நன்றாகத்தான் இருக்கும். படத்தில் மட்டும் எண்ணெய் வடியாமல், போன வாரம் சுட்டது போலத் தெரியும். உடனே நல்ல கேமரா உள்ள போன் வாங்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். இருக்கிற போனின் லென்சை முதலில் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். மாவும் எண்ணெயும் பட்ட விரலால் தொட்ட லென்ஸ் எல்லாவற்றையும் பனி மூடியது போல்தான் காட்டும். அதற்கப்புறமும் படம் கெட்டால், காரணம் பெரும்பாலும் வெளிச்சம்.

வேலை முடிந்து வந்து, இரவில் பலகாரம் சுட்டு, அடுப்படி விளக்குக்குக் கீழேயே படம் எடுத்துவிடுகிறோம். கூரை விளக்கு நேர்மேலே இருப்பதால், படம் எடுக்கக் குனியும் உங்கள் தலையின் நிழலே தட்டில் விழும். அடுப்படியில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கும், பக்கத்து அறையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கும் எரிந்தால் சிக்கல் இன்னும் கூடும். கேமரா ஒன்றுக்குத்தான் நிறத்தைச் சரிசெய்யும். மற்றது நீலமாகவோ ஆரஞ்சாகவோ போய்விடும். பழைய குழல் விளக்கு என்றால் படத்தில் கோடு கோடாகப் பட்டை விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படம் பதியும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பட்டை அடங்கும். இத்தனை பாடு எதற்கு? நல்ல முறுக்காக நாலைந்தை டின்னில் எடுத்து வைத்து, காலையில் சன்னலோரம் படம் எடுங்கள். முறுக்கு எங்கும் ஓடிவிடாது.

இதற்கு நேர் எதிரான தவறு, தட்டைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலுக்குப் போவது. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. சரியாக வாழையிலைச் சாப்பாட்டு நேரம். அந்த வெயிலில் சோறு வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும், மீன் கறி கறுத்துவிடும். வெயில் படாத அஞ்சடி (கடைகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை) போதும். வீட்டில் என்றால் வெயில் அடிக்கிற சன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் பரவி மென்மையாக விழும். (தாத்தாவிடம் கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.) மழைக்கு இருட்டுகிறது என்று போனை எடுத்து வைத்துவிடுபவர்கள் உண்டு. அக்டோபர், நவம்பர் பிற்பகல் மேகம் வானளவு வேட்டி மாதிரி. சன்னலோரம் போதுமான வெளிச்சம் இருக்கும்வரை விடாதீர்கள்.

சன்னல் கிடைத்ததும் அதற்கு முதுகைக் காட்டி நின்று எடுப்பதுதான் என் கண்ணில் அதிகம் படும் தவறு. முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முறுக்கில் முள்ளும் சுற்றும் தெரியாது. சன்னல் தட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். குழம்பு, தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) போன்றவற்றுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பளபளப்பும் நுரையும் எழும்பும். ஆவியும் அப்படித்தான்: பின்வெளிச்சமும் இருண்ட பின்புலமும் இருந்தால்தான் படத்தில் ஏறும். முன்பக்கம் இருட்டினால் எழுதுபொருள் கடையில் விற்கும் வெள்ளை மணிலா அட்டையை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். தோட்டத்து வீடுகளில் பச்சைச் சுவர் என்றால் கவனம் தேவை, அந்தப் பச்சை சோற்றின்மேல் படியும். நடுவில் ஒரு வெள்ளைத் துணி தொங்கட்டும்.

இதையெல்லாம் படித்துக் கற்க முடியாது. தினமும் ஒரு புதுப் பதார்த்தத்தை எடுத்துப் பழகுவதும் உதவாது. படம் மாறியது உணவாலா, வெளிச்சத்தாலா என்று பிடிபடாது. உரித்த அவித்த முட்டை ஒன்றைத் தட்டில் வைத்து, அதைச் சுற்றி நீங்கள் நகர்ந்து எடுங்கள். வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்பதை முட்டைபோல் காட்டும் பொருள் வேறில்லை. அடுத்து வேட்டியைக் கட்டி, அதற்கடுத்து அட்டையை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முட்டை இன்னொன்றையும் சொல்லித்தரும்: கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். அதனால் இட்லியும் புட்டும் அழுக்கு வெள்ளையாக வரும். திரையில் உணவு தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கறுத்த மிளகுக் கறிக்கு இறக்குங்கள்.

சட்டகத்துக்கு வருவோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுக்கக்கூடாது. இலைச் சாப்பாடும் ரொட்டி சானாயும் நேர்மேலிருந்து நன்றாக வரும். தே தாரிக் கிளாசுக்கும் கூம்பாக நிற்கும் நெய்த் தோசைக்கும் போனை மேசை மட்டத்துக்கு இறக்க வேண்டும். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணமுடையது; தட்டுக்குள் மூக்கை நுழைத்து எடுத்தால் அருகில் உள்ளது வீங்கித் தெரியும். ஓரடி பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். பூப்போட்ட பிளாஸ்டிக் மேசைவிரிப்பு இருந்தால் உணவு தோற்றுவிடும், உருவிவிடுங்கள். பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி முறுக்கின் ஓரத்தையே மங்கலாக்கிவிடும், அதுவும் வேண்டாம்.

இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். அழகுக்காகத் திருப்பி வைத்தால் கல்யாண வீட்டில் பரிமாறிப் பழகிய எந்த அத்தையும் படத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார். முன்பக்கக் கேமராவில் எடுத்தாலும் சில போன்களில் படம் இடவலமாகத் திரும்பிவிடும். குழுவில் போடும் முன் நுனி எந்தப் பக்கம் என்று பார்த்து, திரும்பியிருந்தால் எடிட்டில் புரட்டிவிடுங்கள்.