தாங்கி நிறைய டீசல், முள்ளோ கீழே

கொழும்பு மோதரையில் நிற்கும் எங்கள் படகுக்குப் புது டீசல் அளவுச் சென்சர் பூட்டினோம். தாங்கி காலியாயிருக்க மானி நிறைவு காட்டியது. நிரப்பினால் முள் கீழே விழுந்தது. உப்புக்காத்து வேலையாக்கும் என்று எர்த் வயரை மாற்றி, டெர்மினல்களைச் சுரண்டியும் பலனில்லை. சென்சர் வயரைக் கழற்றினால் முள் காலிக்கு, எர்த்தில் தொட்டால் நிறைவுக்கு. மானி நல்லதென்றார் மெக்கானிக் அண்ணை. நல்லதுதான், ஆனால் அமெரிக்க வகை: அது எதிர்பார்க்கும் சென்சர் மின்தடை காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33.

சென்சரை வெளியே எடுத்து, மிதவையைக் கையால் தூக்கி மல்டிமீற்றரில் பார்த்தேன். கீழே 10, மேலே 180. ஐரோப்பிய வகை! சென்சரைத் தாங்கியில் பூட்டும் ஐந்து திருகாணித் துளைகளும் அச்சாகப் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பஞ்சிகாவத்தையில் 10–180 மானி தேடி வாங்கிப் பூட்டியதும் முள் சரியானது. அப்பாடா! சென்சரைத் திரும்பப் பூட்டும்போது பாருங்கள், ஒரு துளை சற்றுத் தள்ளியிருக்கும். ஒரே திசையில்தான் உட்காரும்.