வெளிநாட்டில் முதல் முடிவெட்டு: புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிய நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை வீடு என்று ஒவ்வொரு வேலையாக முடித்துவிடுவார்கள். முடி வெட்டுவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். காதை மூடும் அளவுக்கு வளர்ந்த பிறகு, வேறு வழியில்லாமல் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து தலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அப்புறம் ஒரு மாதத்துக்குத் தொப்பிதான்.

பாஷை தெரியாததுதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களுக்கும், ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே, இது நடக்கிறது. பல வருடம் ஒரே ஆளிடம் வெட்டிக்கொண்டவருக்குத் தன் தலையைப் பற்றி வாய் திறந்து சொல்லும் தேவையே வந்திருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து "எப்பவும் போல" என்றால் வேலை முடிந்தது. புதிய இடத்தில் சைடில் எவ்வளவு நீளம், மேலே எவ்வளவு, சுழி எங்கே இருக்கிறது, பின்கழுத்தில் எப்படி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு, நாலு வார்த்தை மட்டுமே பேசத் தெரிந்த நாட்டிலும் நல்ல வெட்டு கிடைக்கும்.

கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது

பயணம் உறுதியானதும், வழக்கமாக வெட்டுகிறவரிடமே விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். சைடுக்கு எந்த நம்பர் மெஷின் போடுகிறார், மேலே கத்தரியா மெஷினா, தின்னிங் கத்தரி (பல் வைத்த, அடர்த்தியைக் குறைக்கும் கத்தரி) பயன்படுத்துகிறாரா? இரண்டு நிமிடப் பேச்சுதான். போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் வெட்டி இரண்டு மூன்று நாள் கழித்து, குளித்துத் தலை நன்றாகக் காய்ந்த பிறகு படம் எடுங்கள். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம், உச்சி என்று ஐந்து படம் போதும். வெட்டிய உடனே எடுத்தால் முடி இன்னும் படியாமல் இருக்கும், சீவி விட்ட அழகும் சேர்ந்து ஏமாற்றும். நடிகர் படத்தைக் காட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய நெற்றி, முடியின் அடர்த்தி, சுழி எல்லாமே வேறு. உங்கள் தலையில் ஏற்கெனவே நன்றாக வந்த வெட்டின் படத்தைக் காட்டினால், முன்பின் தெரியாத முடிதிருத்துபவருக்கு யூகிக்க வேண்டிய வேலையே இல்லை.

நம்பரா, மில்லிமீட்டரா?

மெஷினில் மாட்டும் சீப்புகளுக்கு நம்பர் உண்டு. ஒரு நம்பர் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 1ஆம் நம்பர் போட்டால் சுமார் 3 மி.மீ. முடி நிற்கும், 2 போட்டால் 6 மி.மீ., 3 போட்டால் 10, 4 போட்டால் 13. 8ஆம் நம்பர் 25 மி.மீ., அதாவது முழுதாக ஓர் அங்குலம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் கடைக்காரர் பேசுவது இந்த நம்பர்களில்தான்.

ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மில்லிமீட்டரில் பேசுவார்கள். அங்கே போய் 3ஆம் நம்பர் மெஷினை நினைத்துக்கொண்டு வெறுமனே "மூன்று" என்று சொன்னால், கடைக்காரர் 3 மி.மீ. சீப்பை மாட்டிவிடுவார். நீங்கள் எதிர்பார்த்தது 10. கருப்பு முடி 3 மில்லிமீட்டரில் இருந்தால் உள்ளே தோல் பளிச்சென்று தெரியும். ஒரு தடவை மெஷின் காதுக்கு மேலே ஏறிவிட்டால் இன்னொரு பக்கத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. அதனால் எந்த நாடாக இருந்தாலும் அளவை மில்லிமீட்டரில் எழுதிக் காட்டுங்கள். மெஷினை ஆன் செய்யும் முன் அதில் மாட்டியிருக்கும் சீப்பைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேலே கத்தரியால் வெட்டும்போது வேறொரு குழப்பம் வரும். விரலால் ஓர் அங்குலம் காட்டுகிறீர்கள். அது எடுக்க வேண்டிய அளவா, விட வேண்டிய அளவா? விரல் இடைவெளியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நெற்றிமுடியைப் பிடித்து, நுனியிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று முடியிலேயே தொட்டுக் காட்டுங்கள். "நுனி மட்டும்" என்று வாயால் சொல்வதைவிட இது பத்து மடங்கு தெளிவு. ஈரமான முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலேறும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். ஈரத்தில் வெட்டுகிறார்கள் என்றால், வேண்டியதைவிடச் சற்று நீளமாக விடச் சொல்லுங்கள். குறைவாக எடுத்திருந்தால் திரும்ப எடுக்கலாம்.

எந்தக் கடை?

முதல் தடவை தூரம் கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை, உங்கள் மாதிரி முடியை வெட்டிப் பழகிய கடையாகப் பாருங்கள். நம்மில் பலருக்குத் தடிமனான கருப்பு முடி. மெல்லிய, வெளிர் நிற முடியில் சின்ன ஏற்ற இறக்கம் கண்ணில் படாது. கருப்பு முடியில் ஒவ்வொரு படியும் கோடு போட்ட மாதிரி தெரியும். கடையின் படங்களை இணையத்தில் பாருங்கள், கருப்பு முடித் தலைகள் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அதைவிட நல்ல வழி, வேலையிடத்திலோ பேருந்திலோ உங்கள் மாதிரி முடியுள்ள ஒருவரின் வெட்டு நன்றாக இருந்தால் எங்கே வெட்டினீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுவது. பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கடையின் வகையும் முக்கியம். பார்பர் கடையில் மெஷின் வேலை, ஃபேட் (கீழே போகப் போகக் குறைத்துத் தோலோடு கலக்கும் வெட்டு), தாடி எல்லாம் கைவந்த கலையாக இருக்கும். ஹேர் சலூன்களில் நீளமான முடி, கத்தரி வேலை, சாயம் போன்றவற்றில் தேர்ச்சி அதிகம். ஜப்பானில் இரண்டு தொழிலுக்கும் தனித்தனிச் சட்டமும் உரிமமும் உண்டு. முழு முகச்சவரம் வேண்டுமென்றால் பார்பர் கடைக்குத்தான் போக வேண்டும். அதே ஜப்பானில் 1996இல் கியூபி ஹவுஸ் என்ற நிறுவனம் தொடங்கிய பத்து நிமிட வெட்டுக் கடைகளும் உண்டு. தலை அலசிவிடும் வழக்கம் அங்கே இல்லை, உதிர்ந்த முடியை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு அனுப்புவார்கள். எளிமையான வெட்டுக்குப் போதும், முதல் வெட்டுக்கு வேண்டாம். அவர்களுக்கு உங்கள் தலையைப் படிக்க நேரம் இருக்காது.

முன்பதிவு இல்லாமல் உள்ளே போகலாமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. எங்கே போனாலும் சனிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள். வார நாளில் காலையில் போனால் அவசரப்படாமல் வெட்டுவார்கள்.

நாற்காலியில்

எண்ணெயோ ஜெல்லோ இல்லாத சுத்தமான தலையோடு போங்கள். வழக்கமாக எப்படிச் சீவுவீர்களோ அப்படியே சீவிக்கொண்டு போனால், வகிடு எந்தப் பக்கம், முடி எந்தத் திசையில் படிகிறது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

சுழியைத் தொட்டுக் காட்டிவிடுங்கள். அந்த இடத்தில் முடி ரொம்பக் குட்டையானால் நட்டுக்கொண்டு நிற்கும், சீப்பு எத்தனை தடவை போட்டாலும் படியாது. இரட்டைச் சுழி இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தடிமனான முடிக்கு இன்னொரு சிக்கல், காதுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டால் பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்று மெஷினால் நன்றாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கீழே படியும் அளவுக்கு நீளமாக விட வேண்டும். இடைப்பட்ட நீளம் நம் முடிக்குச் சரிப்பட்டு வராது. அடர்த்தியைக் குறைக்கத் தின்னிங் கத்தரியை எடுத்தால், வேரை ஒட்டிப் போடாமல் நுனிப்பக்கம் மட்டும் போடச் சொல்லுங்கள். வேர்ப்பக்கம் வெட்டிய குட்டை முடிகள் வளரும்போது மேலே உள்ள முடியைத் தள்ளிக்கொண்டு எழும். வெட்டிய அன்று தெரியாது, இரண்டு வாரத்தில் தலை ஊதிப்போன மாதிரி ஆகிவிடும்.

பின்கழுத்தில் முடி முடியும் கோட்டைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. சதுரமாக வெட்டலாம், வளைவாக வெட்டலாம், கோடே இல்லாமல் கீழே போகப் போகக் குறைத்துக்கொண்டே வந்து தோலோடு கலந்துவிடலாம். சதுரக்கோடு அன்றைக்குக் கச்சிதமாக இருக்கும். ஒரு வாரத்தில் அதற்குக் கீழே கருகருவென்று முளைக்க ஆரம்பித்ததும் அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். அடிக்கடி கடைக்குப் போக முடியாதவர்களுக்கு மூன்றாவதுதான் நல்லது. கடைசியில் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போது சும்மா தலையாட்டிவிடாமல் இந்தக் கோட்டையும், இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

உள்ளூர் மொழியில் நாலு சொல் கற்றுக்கொண்டால் போதும்: நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம், போதும், கத்தி வேண்டாம். இதில் 'நிறுத்துங்கள்' என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும். மெஷின் ஓடும்போது திடீரென்று தலையைத் திருப்பாமல், போர்த்திய துணிக்கு உள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள், நிறுத்திவிடுவார்கள்.

கத்தியும் கழுத்தும்

சவரக்கத்தி போடுவதாக இருந்தால், உங்கள் கண்முன் புது பிளேடைப் பிரித்து மாட்ட வேண்டும். இதில் வெட்கமோ தயக்கமோ வேண்டாம். ரத்தத்தின் வழியாகப் பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியேயும் குறைந்தது 7 நாள் தொற்றும் நிலையில் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பிளேடில் இருந்தாலும் போதும். சீப்பும் மெஷினும் சுத்தமில்லாத இடத்தில் தலையில் படர்தாமரை ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி ஜாடியில் நீல நிறத் திரவத்தில் சீப்புகள் ஊறிக்கொண்டிருப்பதைப் பல கடைகளில் பார்ப்பீர்கள். 1947இல் அமெரிக்காவில் உருவான பார்பிசைடு என்ற கிருமிநாசினி அது. கருவிகள் அதில் 10 நிமிடமாவது மூழ்கியிருக்க வேண்டும், முக்கி எடுத்தால் பயனில்லை.

துருக்கிக்காரர்கள் நடத்தும் கடைகளில் காதோர முடியை நெருப்பால் பொசுக்குவார்கள். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, காது மடலில் பட்டும் படாமலும் தட்டித் தட்டி எடுப்பார்கள். ஒரு நொடிச் சூடு, கொஞ்சம் கருகல் வாசம், அவ்வளவுதான். பழகிய கை செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. வேண்டாமென்றால் காதைக் கையால் மூடிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதை மட்டும் எந்த நாட்டிலும் அனுமதிக்காதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கிழிசல் விழுந்து பக்கவாதம் வரை போகக்கூடியது அது. தலை அலசும்போதும் கவனம் வேண்டும். கழுத்தைப் பின்னால் தொங்கவிட்டபடி தலை அலசிக்கொண்ட பெண்களுக்குப் பக்கவாதம் வந்ததை 1993இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. அபூர்வம்தான். ஆனாலும் தொட்டியின் விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்வதில் சிரமம் ஒன்றும் இல்லையே.

பெண்களுக்குச் சில வார்த்தைகள்

அலசுவது, வெட்டுவது, உலர்த்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் போடும் சலூன்கள் உண்டு, நீளத்தையும் அடர்த்தியையும் பார்த்து ஏற்றுகிறவையும் உண்டு. உட்காரும் முன் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். நீளமான முடியில் நுனி மட்டும் எடுக்கச் சொன்னால், நுனி வெடித்த இடம் முழுவதையும் எடுப்பதுதான் முறை என்று நினைத்துத் தாராளமாக வெட்டிவிடுவார்கள். முதல் கற்றையை வெட்டியதும் நிறுத்திக் காட்டச் சொல்லி, பிறகு தொடரச் சொல்லுங்கள்.

மருதாணி போட்டிருந்தால் சாயமிடும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். சாயத்தில் உள்ள பெராக்சைடு அதோடு சேர்ந்தால் முடி சூடாகிப் பொசுங்கி ஒடிந்துவிடும். புது பிராண்டு சாயமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனைக்குச் சம்மதியுங்கள். இன்னொரு தடவை அலைய வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வாமை வந்து முகம் வீங்கினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.

டிப்ஸும் திருத்தமும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். ஜப்பானில் கொடுக்கும் பழக்கமே இல்லை. மற்ற இடங்களில் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெட்டு பிடிக்கவில்லையென்றால் எழுந்திருக்கும் முன்பே சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து புலம்புவது வெட்டியவருக்கும் நியாயமில்லை. என்ன தப்பு என்று தெரிந்தால்தானே திருத்துவார்? ஒரு பக்கம் அதிகம் போய்விட்டது என்றால், எல்லாப் பக்கத்தையும் அந்த நீளத்துக்கு இறக்கிச் சமப்படுத்தச் சொல்வதே நல்லது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஐந்து ஆறு வாரத்தில் தலை பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வெட்டு நன்றாக அமைந்தால் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடையின் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரைச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள், அவருக்கு வார விடுமுறை எந்த நாள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.