பண இங்கிலீஷ் கற்க ‘வாங்கு’வில் தொடங்குங்கள்

என் அக்கா மகள் கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. திரைச்சீலை, மேசை விரிப்பு எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. ஒரு பார்ட்டியிடமிருந்து பணம் வந்துவிட்டது என்று சொல்ல, தமிழில் யோசித்து இங்கிலீஷில் ஒரு வரி தட்டியிருக்கிறாள்: ‘வீ பாட் யுவர் பேமென்ட்.’ மறுநாள் அங்கிருந்து வெறும் கேள்விக்குறி மட்டும் பதிலாக வந்தது.

“பணம் வாங்கிட்டோம்னுதானுங்க மாமா எழுதினேன், என்ன தப்பு?” என்று கேட்டாள்.

முப்பத்தோரு வருஷம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். இந்த ‘வாங்கு’ படுத்தும் பாடு எனக்குத் தெரியும். கத்திரிக்காய் வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், சம்பளம் வாங்குகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அப்பாவிடம் அடியும் வாங்குகிறோம். நமக்கு எல்லாம் ஒரே வினை. இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. காசு கொடுத்து வாங்கினால் பை; அவள் எழுதிய ‘பாட்’ அதன் இறந்தகாலம். திருப்பித் தருகிறேன் என்று வாங்கினால் பாரோ. நமக்கு வரவேண்டியது கைக்கு வந்தால் ரிசீவ். உழைத்து வாங்கினால் ஏர்ன்.

அதனால் பண இங்கிலீஷ் படிக்க நினைப்பவர்கள் அகராதியை எடுக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்றைக்கு உங்கள் கையில் வந்த பணம், போன பணம் இரண்டையும் ஐந்து வரியில் தமிழில் எழுதுங்கள். ‘வாங்கினேன்’ வருகிற இடத்தில் எல்லாம் நின்று, காசு கொடுத்தேனா, திருப்பித் தரணுமா, எனக்கு வரவேண்டியதா என்று கேளுங்கள். பதில் வந்தால் சொல் தானாக வரும். ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் போதும்.

அடுத்தது ‘கடன்’. கொடுக்கிற கைக்கு லெண்ட், வாங்குகிற கைக்கு பாரோ. ‘பாரோ மீ ஹன்ட்ரட் ருபீஸ்’ என்று பாதிப் பேர் கேட்பார்கள். ‘லெண்ட் மீ’ என்றுதான் கேட்க வேண்டும். ஒருவர் தந்து இன்னொருவர் பெறுகிற அந்தத் தொகை லோன். தலை மேல் உட்கார்ந்திருக்கிற பாக்கி டெட். இதன் எழுத்துக் கூட்டலில் நடுவே ஒரு ‘பி’ (b) இருக்கும், வாயில் வரக்கூடாது. அதை உச்சரிக்கப் போய் ‘டெபிட்’ என்று சொன்னால் அது வேறு சொல்: கணக்கிலிருந்து பணம் கழிவது. ரசீதுக்கான ரிசீட்டில் இன்னொரு ‘பி’ (p) ஊமை. வீட்டு அடமானத்துக்கான மார்கேஜில் ‘டி’ ஊமை.

உண்மையில் எனக்கு அதிகம் வேலை வைத்தவை தெரியாத சொற்கள் இல்லை, தெரிந்த சொற்கள்தான். நம் வீட்டுக்கு வந்து பல காலம் தங்கி, நம்மூர் ஆளாகவே மாறிவிட்ட இங்கிலீஷ் சொற்கள். ‘தக்காளி என்ன ரேட்?’ என்கிறோம். அங்கே அது பிரைஸ். ரேட் என்றால் ஒன்றுக்கு இவ்வளவு என்கிற கணக்கு: நூறு ரூபாய்க்கு இவ்வளவு வட்டி, ஒரு டாலருக்கு இவ்வளவு ரூபாய். பஸ்ஸில் கண்டக்டரிடம் ‘பாலன்ஸ் குடுங்க’ என்கிறோம். அவர் திருப்பித் தருவது சேஞ்ச். கணக்கில் மிஞ்சி இருப்பதும், இன்னும் கட்ட வேண்டிய மிச்சமும்தான் பாலன்ஸ். வண்டிக்கு மாதாமாதம் ‘டியூ கட்டுகிறோம்’. கட்டுகிற தவணை இன்ஸ்டால்மென்ட். டியூ என்றால் ‘கட்ட வேண்டியதாக இருக்கிறது’ என்ற நிலை. அந்தத் தேதி தாண்டிவிட்டால் ஓவர்டியூ.

‘அட்வான்ஸ்’ இன்னும் மோசம். வாடகை வீட்டுக்கு நாம் கொடுக்கும் அட்வான்ஸ், காலி செய்யும்போது திரும்பி வரும். இங்கிலீஷில் அதன் பெயர் செக்யூரிட்டி டெபாசிட். அட்வான்ஸ் என்பது விலையின் ஒரு பகுதியை முன்னாலேயே கொடுப்பது, பில்லில் கழிந்துபோகும். அக்கா மகளுக்கு இது தினமும் தேவைப்படுகிற வித்தியாசம். பார்ட்டி கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டிய பணம் என்று எழுதிவிட்டால் முதலாளி சும்மா இருப்பாரா?

அப்புறம் ‘ஃபைனான்ஸ்’. எங்கள் பக்கம் ஒருவர் ஃபைனான்ஸ் வைத்திருக்கிறார் என்றால் வட்டிக்கு விடுகிறார் என்று அர்த்தம். ஃபைனான்ஸ் மினிஸ்டர் என்று செய்தியில் கேட்டால் அப்படி நினைத்துவிடக் கூடாது.

வட்டியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். வங்கிக் காகிதத்தில் இருப்பது பெர் ஆனம், அதாவது வருஷத்துக்கு. ஆக ரெண்டு வட்டி என்பது வருஷத்துக்கு 24 சதவீதம். இது தெரியாமல் ‘வங்கியிலே 9 சொல்றாங்க, வெளியிலே ரெண்டுதான்’ என்று என் கவுன்டரில் சண்டை போட்டவர்கள் உண்டு.

ஃப்ளாட், ரெட்யூசிங் என்ற இரண்டு சொற்களை மனப்பாடமே செய்யலாம். என் மச்சினன் மூன்று வருஷத் தவணையில் 1 லட்சம் கடன் எடுத்தான். 12 சதவீதம்தான் என்று பெருமையாகச் சொன்னான். காகிதத்தை வாங்கிப் பார்த்தால் ஃப்ளாட் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாள் தொகைக்கே மூன்று வருஷமும் வட்டி. மொத்தம் 36,000. அதே 12 சதவீதம் ரெட்யூசிங் பாலன்ஸ் முறையில், அதாவது கட்டக் கட்ட மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால், ஏறக்குறைய 19,570 தான். அவன் ஒப்புக்கொண்டதை அந்த முறைக்கு மாற்றிப் பார்த்தால் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அன்றைக்கு அவன் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு வந்த பிறகு பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தைத் தொடலாம். அங்கே முதலில் இடறுவது இன்ஃப்ளேஷன், அதாவது பணவீக்கம். டீ 10 ரூபாயிலிருந்து 12 ஆனால் ஏற்றம் 20 சதவீதம். அடுத்த வருஷம் 12 என்பது 13 ஆனால் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ‘இன்ஃப்ளேஷன் குறைந்தது’ என்பது இதைத்தான். டீ விலை குறையவே இல்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. பொதுவாக விலைகளே இறங்கினால் அது டிஃப்ளேஷன். இன்ஃப்ளேஷனுக்கு ரிசர்வ் வங்கிக்கு வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதம். 2 வரை இறங்கலாம், 6 வரை ஏறலாம்.

அடுத்து பேசிஸ் பாயின்ட். ஒரு சதவீதத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போ ரேட்டை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியை, 6-லிருந்து 5.5 ஆக்கியது. இதை 50 பேசிஸ் பாயின்ட் குறைப்பு என்பார்கள். ‘அரை சதவீதம் குறைந்தது’ என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. கறாராகச் சொன்னால் அரை பர்சென்டேஜ் பாயின்ட்.

டெஃபிசிட், டெட் இரண்டையும் குழப்புகிறவர்கள் டிவியிலேயே இருக்கிறார்கள். இந்த வருஷம் வரவுக்கு மேல் செலவானது டெஃபிசிட். அப்படிப் பல வருஷம் கடன் வாங்கிச் சேர்ந்த மூட்டை டெட்.

எண்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, ட்ரில்லியன் 1 லட்சம் கோடி. நாம் 12,34,567 என்று கமா போடுவோம். அவர்கள் 1,234,567 என்று போடுவார்கள். இன்வாய்ஸில் கமாவை எண்ணாதீர்கள், இலக்கத்தை எண்ணுங்கள்.

‘கேஷ்’ நம் ‘காசு’விலிருந்து போனது என்று யாராவது சொன்னால் பாதி ஒப்புக்கொள்ளலாம். ஐரோப்பியர்கள் இங்கே சின்ன நாணயத்தை ‘கேஷ்’ என்று அழைத்தது ‘காசு’விலிருந்துதான். ரொக்கம் என்கிற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப் பெருமை என்று விட்டுவிடுவேன், ஆனால் அக்கா மகள் கேட்டாள்.

இப்போது அவள் மெயில் எழுதினால் ‘வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் அட்வான்ஸ், த பாலன்ஸ் ஈஸ் டியூ’ என்று சரியாகப் போகிறது. போன வாரம் அவள் தம்பிக்குக் காது குத்து. மண்டப வாசலில் மொய் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, “மாமா, மொய் வாங்கினா ரிசீவ்ங்களா, பாரோங்களா?” என்றாள்.

“ரிசீவ்னு எழுது கண்ணு. நோட்டை மட்டும் பத்திரமா வை” என்றேன்.