தீ தாங்கும் பெட்டி வாங்கும்போது நாம் ஏமாறும் இடங்கள்

"ஆயிரம் டிகிரி தாங்கும்" என்று எழுதிய வெள்ளிநிறப் பைகள் இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண் (வீட்டு உரிமைப் பத்திரம்), திருமணச் சான்றிதழ், எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதில் திணித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நம் மலேசியாவில் செந்தூலிலும் உண்டு, பட்டர்வொர்த்திலும் உண்டு. அந்தப் பை எளிதில் எரியாது என்பது உண்மைதான். அது கண்ணாடியிழைத் துணி. ஆனால் அந்த மெல்லிய துணியின் வழியாகச் சூடு விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். பை முழுசாக இருக்கும், உள்ளே இருக்கும் கிராண் கருகியிருக்கும்.

ஆகவே வெளியே எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்பதால் பயனில்லை. அந்தச் சூட்டில் பெட்டியின் உட்புறம் எத்தனை டிகிரியில் நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் பதில் சொல்லத் திணறினால் கதவைத் திறந்து உட்புறத்தில் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கச் சோதனை நிறுவனமான யூஎல் வகுத்த யூஎல் 72 தரத்தில் "வகை 350, 1 மணி நேரம்" என்று இருந்தால், சோதனை உலையின் சூடு ஏறி ஏறி 927 டிகிரி செல்சியஸை எட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் பெட்டியின் உட்புறம் 177 டிகிரியைத் தாண்டவில்லை என்று பொருள். (350 என்பது பாரன்ஹீட் கணக்கு.) காகிதம் அந்தச் சூட்டில் பழுப்பேறலாம், ஆனால் எழுத்து நிற்கும். ஐரோப்பாவின் இஎன் 15659, ஜப்பானின் ஜேஐஎஸ் எஸ் 1037, கொரியாவின் கேஎஸ் ஜி 4500 ஆகியவையும் நம்பத்தக்க தரங்கள்தாம். எந்தத் தரம், எத்தனை நிமிடம், யார் சோதித்தார்கள் என்ற மூன்றும் இல்லாமல் "ஃபயர்புரூஃப்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் ஒட்டியிருந்தால் அது வெறும் அலங்காரம்.

அரை மணி நேரப் பெட்டி போதுமா என்று கேட்டால், வரிசை வீட்டில் இருப்பவர்களுக்குப் போதாது என்பேன். தீ அணைந்த பிறகும் கூரை மரமும் மெத்தையும் புகைந்துகொண்டு பெட்டியின்மேல் கிடக்கும். வெளியே சூடு தணியும் நேரத்திலும் பெட்டிச் சுவரில் தேங்கிய சூடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஒரு மணி நேரம் என்பதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்ற தவறுகள் தாமாகவே புலப்படும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சமோ, அது போன்ற காரைக் கலவையோ நிரப்பியிருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை விழுங்குகிறது. ஒற்றைக் கையால் தூக்க முடிகிற பெட்டியில் அந்தக் காரை எங்கே இருக்கப் போகிறது? கனமில்லாத பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.

அந்த ஆவி உள்ளேயும் வரும். தண்ணீருக்குப் பயந்து பத்திரங்களை லெமினேட் செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். 177 டிகிரி காகிதத்துக்குத்தான் பாதுகாப்பான எல்லை. பிளாஸ்டிக் உறை அதற்கு வெகு முன்பே இளகி, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். தடித்த காகித உறையே நல்லது. பொம்பா (தீயணைப்பு) வண்டி பாய்ச்சும் தண்ணீருக்கு, நீர்ச் சோதனையிலும் தேறிய பெட்டியாகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

தீயே வராவிட்டாலும் ஈரம் இருக்கிறது. காரையிலிருந்து மெல்லக் கசியும் ஈரமும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்து, மூடியே கிடக்கும் பெட்டிக்குள் பூஞ்சணம் பூக்க வைக்கும். முதலில் கெடுவது பழைய கல்யாணப் படங்கள். முகங்களின்மேல் வெள்ளைப் புள்ளிகள் படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள்.

படங்களை ஹார்ட் டிஸ்க்கிலும் தம்ப் டிரைவிலும் போட்டு அதே பெட்டிக்குள் வைப்பது இன்னொரு தவறு. அவற்றுக்கான யூஎல் வரம்பு 52 டிகிரி. காகிதப் பெட்டி அதைக் காக்காது. மின்பிரதி ஒன்றை இணையச் சேமிப்பிலோ அண்ணன் வீட்டிலோ வைத்தால் செலவும் குறைவு.

இனி நகை. தாலிக்கொடி, அட்டிகை, பிள்ளைகளின் வளையல் என்று எல்லாவற்றையும் தீப்பெட்டகத்தில் பூட்டி வைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். ஆபரணத் தங்கத்துக்குச் சற்றுக் குறைவு. முத்தும் பவளமும் சூட்டில் பாழாகும், பற்றவைத்த இடங்கள் விட்டுப்போகலாம், ஆனாலும் தங்கம் தங்கமாகத்தான் கிடைக்கும். திருடன் கையில் போனால் அதுவும் கிடைக்காது. காகிதத்துக்கான பெட்டியின் வெளித்தகடு மெல்லியது. நெம்புகோல் இருந்தால் திறந்துவிடலாம். சிறிய பெட்டி என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். திருட்டுக்கு எதிரான சோதனை வேறு; இரண்டு முத்திரையும் உள்ள பெட்டி விலை கூடும். அடிக்கடி அணியாத நகைக்கு வங்கிப் பெட்டகமே மேல். மறுபக்கம், காரை இல்லாத வெறும் இரும்புப் பெட்டகமும் பீரோவும் திருடனைத் தாமதப்படுத்தும், பத்திரங்களையோ வறுத்துவிடும். தரையோடு பிணைக்கும்போது தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். டிரில் எடுத்து நாமாக ஓட்டை போட்டால் சூடு நுழைய வாசல் வைத்ததாகிவிடும்.

எங்கே வைப்பது? ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மேல்மாடித் தரை பலகைதான். அது எரிந்தால் பெட்டி கீழே விழும். ஐரோப்பாவின் கடுமையான இஎன் 1047-1 தரத்தில், சூடாக்கிய பெட்டியை 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். எளிய தரங்கள் சிலவற்றில் இந்தச் சோதனை இல்லை. ஆகவே கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரைதான் சரி. அதிலும் 2017 நவம்பரில் பினாங்கையும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கையும் மூழ்கடித்த வெள்ளங்களை நினைத்து, முட்டியளவு மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். சமையலறையும் கேஸ் தோம்பும் பக்கத்தில் வேண்டாம். சாமி அலமாரிக்குக் கீழேயும் வேண்டாம். முருகன் காப்பார் என்ற நம்பிக்கை சரிதான், ஆனால் விளக்கையும் நாம் அங்கேதான் ஏற்றுகிறோம்.

உள்ளே வைப்பதிலும் தேர்வு தேவை. பதிவான பிறப்புக்கும் திருமணத்துக்கும் தேசியப் பதிவுத் துறையில் மறுபிரதி கேட்கலாம். அசல் உயில், தோட்டத்து மருத்துவமனையின் பழைய அட்டை, தாத்தாவின் பயணப் பத்திரம் போன்றவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்காது. குடியுரிமை விண்ணப்பம் நடக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பழைய தாள்கள் உயிர்நாடி. அவற்றுக்கு முதல் இடம் கொடுங்கள். அடகுச் சீட்டையும் மறக்காதீர்கள்.

அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பது, ரகசிய எண்ணை அப்பா ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருப்பது எல்லாம் தவறு என்பது சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

தீ வந்துபோன பிறகு செய்யும் தவறும் ஒன்று உண்டு. பதற்றத்தில் உடனே பெட்டியைத் திறக்கப் போவார்கள். உள்ளே சூடு தேங்கியிருந்தால், கதவு திறந்து காற்று புகுந்ததும் அதுவரை தப்பிய தாள்கள் குப்பென்று பற்றிக்கொள்ளும். பொம்பா அதிகாரிகள் அனுமதித்த பிறகே அருகில் போங்கள். வெளித்தகடு தொட்டால் குளிர்ந்திருந்தாலும் குறைந்தது ஒரு நாளாவது விட்டுவைத்துத் திறவுங்கள். மின்பூட்டு உருகிப்போயிருந்தால் சுத்தியலை எடுக்காமல் பூட்டுத் தொழிலாளியை அழையுங்கள். நனைந்த தாள்களை இழுத்துப் பிரிக்காமல், விசிறிக் காற்றில் தனித்தனியாகப் பரப்பி உலர்த்துங்கள்.