சித்திரை வெயிலில் ப்ரோபாக்ஸ் கொதித்தால்: ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மாற்றும் முறை

யாங்கோனில் ஓடும் பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ்களில் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. NCP50 என்றால் 1.3 லிட்டர் 2NZ-FE என்ஜின். NCP51 என்றால் 1.5 லிட்டர் 1NZ-FE. இரண்டிலும் பிளாக்கும் (என்ஜினின் அடிக்கூடு) ஹெட்டும் (அதன் மேல் பாகம்) அலுமினியம். பழைய இரும்பு பிளாக் கரோலாவைப் போல ஒருமுறை கொதித்த பிறகும் இவை தாக்குப்பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நெருங்கும் வாரங்களில், வரிசையில் நின்று ஏசியும் ஓடும்போதுதான் கோளாறு வெளியே தெரியும். அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பாதி வழியில் சூடேறினால் முதலில் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள், வலது ஓரம் கட்டுங்கள். நம் ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையிலும் வலப்பக்கமே ஓட்டுகிறோம். அதனால் ஓட்டுநர் இறங்குவது ஓரத்துப் பக்கமாக இருக்கும், மற்றவர்களையும் அந்தப் பக்கமே இறங்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) வெறும் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், தப்பித்திருந்த ஹெட்டும் கோணிவிடும்.

வாங்குவதற்கு முன் கண்டுபிடியுங்கள்

ரேடியேட்டரை மாற்றி, அது போதாமல் பம்பை மாற்றி, கடைசியில் மூடிதான் கோளாறு என்று தெரிய வருவது வழக்கமான கதை. மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடி சும்மா அடைப்பான் இல்லை. 1.1 எண் பொறித்த மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் போன மூடியில் அதே தண்ணீர் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். பழைய மூடியில் உள்ள எண்ணையே புதிதிலும் கேட்டு வாங்குங்கள். எண் கூடினால் பலம் கூடும் என்று நினைத்தால், பழைய பிளாஸ்டிக் தொட்டிதான் வெடிக்கும்.

அடுத்து விசிறி. என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிளக் முனை, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். சாலையில் ஓடும்போது சூடு சரியாக இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் விசிறியையே முதலில் சந்தேகியுங்கள். நேர்மாறாக, ஓடும்போதுதான் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஆறியே கிடந்தால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டர் வழியாக ஓடவிடும் வால்வு) திறக்கவில்லை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதைச் சுற்றிக் கூலன்ட் (என்ஜினை ஆற்றும் திரவம்) காய்ந்து பொருக்காகப் படிந்திருந்தால் உள் சீல் போய்விட்டது என்று பொருள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பு சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் பம்பு போச்சு.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, வண்டி நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிடுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, எண்ணெய் மூடியின் அடியில் பால்கோவா நிறத்தில் படிந்திருந்தாலோ, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையிலும் மேல் ஹோஸ் கல்லாக இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம். அப்போது ரேடியேட்டருக்குப் பணம் போடாதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணியிருக்கக் கூடாது. போல்ட்டுகளை 29 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, பிறகு 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி திருப்ப வேண்டும். இது வீட்டு முற்றத்து வேலை இல்லை.

பழையதில் எதை வாங்கலாம்

ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பழைய சாமானில் ரேடியேட்டர், விசிறி மோட்டார், ஆல்டர்நேட்டர் மூன்றையும் பார்த்து வாங்கலாம். தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ், பெல்ட், கேஸ்கெட் எதையும் பழையதாக வாங்காதீர்கள். பழைய வாட்டர் பம்பு வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவது, ஏனென்றால் அதன் சீல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்வையில் தெரியாது.

கடைக்குப் போகும்போது "ப்ரோபாக்ஸ் ரேடியேட்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். வண்டியின் மாடல் தகட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின், ஃப்ரேம் எண், கியர்பாக்ஸ் குறி மூன்றும் அதில் இருக்கும். ஆட்டோ கியர் வண்டியின் ரேடியேட்டரில் கியர் எண்ணெயை ஆற்றும் குழாயும் அதற்கான இரண்டு முனைகளும் இருக்கும். மேனுவல் வண்டிக்கானதில் இருக்காது. ஹோஸ் வாய்களின் இடமும் விட்டமும், விசிறிக் கூட்டை மாட்டும் துளைகள், கோரின் (நடுவிலுள்ள குழாய்க் கட்டின்) தடிமன் இவற்றைப் பழையதோடு அருகருகே வைத்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் தொட்டியின் கழுத்தை நகத்தால் கீறுங்கள். பழுப்பேறி மாவாக உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மூடி உட்காரும் அந்தக் கழுத்தில்தான் விரிசல் முதலில் விழும். ஆட்டோ வண்டிக்கு வாங்குவதானால் உள்ளே விரல் விட்டு வழித்துப் பாருங்கள். ரோஜாப்பால் போல வந்தால் உள் குழாய் ஓட்டை. அதை மாட்டினால் கியர்பாக்ஸும் போகும்.

கழற்றி மாட்டுதல்

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து கூலன்ட்டை அகலமான சட்டியில் பிடியுங்கள். சுமார் 5 லிட்டர் அமைப்பு இது, என்ஜினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். பிடித்ததைத் தெருவில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் செத்துப்போகும்.

தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் என்ஜினில் சேரும் இடத்தில் இருக்கிறது, ஆல்டர்நேட்டர் மறைத்திருக்கும். பெல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்நேட்டரை எடுத்த பிறகுதான் கை நுழையும். உறையைப் பிடித்திருப்பவை இரண்டு நட்டுகள். புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். 80 முதல் 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியில் குறைந்தது 8.5 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். போலிச் சரக்கு இந்தச் சோதனையில் பிடிபட்டுவிடும். ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். தகட்டில் ஆடும் சிறு ஊசி மேல்நோக்கி இருக்க வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. நட்டுகளுக்கு 9 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்டட் பதிந்திருப்பது அலுமினியத்தில், பலத்தைக் காட்டினால் மரை கழன்று வந்துவிடும்.

"சூடான ஊர்தானே, தெர்மோஸ்டாட்டே வேண்டாம்" என்று கழற்றி வீசும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். என்ஜின் ஆறியே கிடந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும், மிச்சப் பெட்ரோல் எண்ணெயில் இறங்கும். கோளாறு அப்படியே மறைந்து கிடந்து, ஒருநாள் பெகு சாலையில் பெரிதாக வெடிக்கும்.

பம்பு மாற்றுவதானால் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே சக்கரத்தின் மூன்று போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள், பிறகு சக்கரம் பிடி கொடுக்காது. பம்பைப் பிடித்திருப்பவை மூன்று போல்ட், இரண்டு நட். இடம் குறுகல், பொறுமை வேண்டும். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் ஸ்குரூடிரைவரால் சுரண்டாதீர்கள், பிளாஸ்டிக் துண்டால் தேயுங்கள். கோடு விழுந்த பரப்பில் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. எல்லாவற்றையும் கையால் முழுக்கத் திருகிவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக 11 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

பனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அலுமினியமும் பம்பு சீலும்தான். வெறும் தண்ணீரில் அலுமினியம் அரிக்கும், அந்தத் தூள் ரேடியேட்டரை அடைக்கும். குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது, கிடைக்காவிட்டால் சுத்திகரித்த 20 லிட்டர் குடிநீர். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி. டொயோட்டாவின் சிவப்போ இளஞ்சிவப்போ இருந்தால் அதையே தொடருங்கள், பச்சை நிறக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம். எது இருந்தது என்று தெரியாவிட்டால் தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் காற்று மேலே வரும். மூடி திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, நின்றதும் மூடுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி அணையும்வரை விடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வராவிட்டால் உள்ளே இன்னும் காற்று அடைந்திருக்கிறது, ஆறவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த பக்கத்துக் கூலன்ட் தொட்டியை மேல் கோடுவரை நிரப்புங்கள். மறுநாள் காலை, வண்டி ஆறிய நிலையில் மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றிவிட்டு, எல்லாக் கிளிப்புகளின் கீழும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.