துறைச் சொற்பட்டியல்: கழிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

முதலாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் பாடநூல் ஓரத்தில், ‘பெண்டிங் மொமென்ட்’ என்ற சொல்லுக்கு எதிரே பென்சிலால் ‘வளைக்கும் கணம்’ என்று எழுதியிருந்தது. மொமென்ட் என்றால் கணம் என்று பள்ளியில் படித்தவன். இங்கே அது திருப்புத்திறன் என்று, அவன் துறையின் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து நான் கொடுத்த சொற்பட்டியல் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதில் அந்தச் சொல்லே இல்லை.

காரணம் நான்தான். ஆங்கிலம் கற்பவர்களுக்காக மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் இருந்த சுமார் 2,000 சொற்களையும் ‘தெரிந்தவை’ என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்திருந்தேன். மொமென்ட், ஃபோர்ஸ், வொர்க், லோட் எல்லாம் அதோடு போயின. கல்வி சார்ந்த எழுத்தில் அடிக்கடி வருபவை என்று அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களும் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம்) இப்படிக் கழித்த பின் கிடைத்தவைதான். ஆனால் அது பல துறைகளுக்கும் பொதுவான பட்டியல். ஒரே துறைக்குத் தொகுப்பவர் கழிப்பதற்கு முன் ஒவ்வொரு சொல்லும் வரும் இருபது வரிகளையாவது படித்துவிட வேண்டும்.

வரிகளுக்கு எங்கே போவது? மாணவர்கள் கையில் இருப்பதே போதும்: பாடநூல், ஆய்வகக் கையேடு, பழைய வினாத்தாள்கள். ஆய்வுக் கட்டுரைகளை இந்த ஆண்டு அவர்கள் தொடப்போவதில்லை. சமன்பாடுகளை நீக்கி, அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக ஆண்ட்கான்க் என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, எத்தனை கோப்புகளில் வருகிறது என்று காட்டும். நான் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். பற்சக்கர அத்தியாயத்தில் மட்டும் முந்நூறு முறை வரும் சொல்லை அந்தப் பாடமே கற்றுக்கொடுத்துவிடும்.

பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் நான்கு வேண்டும்: சொல், அதோடு அடிக்கடி சேர்ந்து வரும் கூட்டாளிச் சொற்கள், பாடநூலிலிருந்தே ஒரு வரி, தமிழ்ச்சொல். ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு. கூட்டாளிகள் ஷியர், டென்சைல். உடனடுத்து ஸ்ட்ரெயின், திரிபு. பொது அகராதியை நம்பி ஸ்ட்ரெஸுக்கு ‘அழுத்தம்’ என்று எழுதினால் அதே தமிழ்ச்சொல் தேவைப்படும் பிரெஷர் வரும்போது கையைப் பிசைய வேண்டியதுதான். ஆகவே அகரவரிசை வேண்டாம், குழம்பக்கூடியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

வினாத்தாள்களைத் தனியே எண்ணிப் பாருங்கள். ‘நெக்லெக்டிங் ஃப்ரிக்ஷன்’ என்றால் உராய்வைக் கணக்கில் கொள்ளாமல். ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்றால் முறையே. இது புரியாமல் இரண்டு விட்டங்களை மாற்றிப் போட்டு, முழுக் கணக்கையும் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

அளவு? வார்ட் 2009இல் வெளியிட்ட அடிப்படைப் பொறியியல் ஆங்கிலப் பட்டியலில் 299 சொற்கள்தாம். ஆயிரம் சொன்னால் யாரும் திறக்க மாட்டார்கள்.

கடைசியில் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் காட்டுங்கள். என் பட்டியலைப் பார்த்தவர் பத்து நிமிடத்தில் நாற்பது சொற்களை அடித்துவிட்டு, “‘டியூ டு’ (காரணமாக) எங்கே?” என்றார். தனிச்சொற்களை மட்டும் எண்ணினால் அது எப்படி வரும்? இப்போது இரண்டு, மூன்று சொல் தொடர்களையும் சேர்த்து எண்ணுகிறேன்.