ஓடிப்போனவரைத் தேடும் விளம்பரத்தை வாசிப்பது எப்படி?

1769 செப்டம்பர் 14. அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவில், 'வர்ஜீனியா கெஜட்' இதழில் ஒரு சின்ன விளம்பரம். சாண்டி என்ற அடிமை ஓடிவிட்டார், பிடித்துக் கொடுப்பவருக்குப் பணம் உண்டு. கீழே பெயர்: தாமஸ் ஜெஃபர்சன். ஏழே ஆண்டில் "எல்லா மனிதரும் சமம்" என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதப்போகிறவர்.

வரலாற்று ஆவணம் வாசிக்கப் பழகுபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

முதல் படி: யார், யாருக்கு, எதற்காக எழுதினார்? எழுதியவர் உடைமைக்காரர். வாசிப்பவர் ஆள்பிடிக்கக் கிளம்பும் வெள்ளையர். நோக்கம், ஆளை மீட்பது. இதை நோட்டில் மேலே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படிக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். பொய்யாக இருந்தால் ஆள் சிக்கமாட்டார் என்கிற விவரமெல்லாம் இடப்பக்கம்: வயது சுமார் 35, குட்டையான உருவம், கொஞ்சம் பருமன், வெளிர் நிறம். செருப்புத் தைப்பவர், அதிலும் பெரும்பாலும் இடது கையால். தச்சு வேலையும் ஓரளவு தெரியும். இவற்றைப் பெருமளவு நம்பலாம். வலப்பக்கம் வசவுகள்: குடித்தால் திமிர் பிடித்தவன், தந்திரக்காரன். இவற்றின் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்: யாரிடம் திமிர்? எசமானுக்கு அடங்க மறுத்ததைத்தானே அந்தச் சொல் சொல்கிறது!

விளம்பரம் சாண்டியைக் குறிக்கும் 'முலாட்டோ' என்ற சொல்லையும் வட்டமிடுங்கள். வெள்ளையர், கறுப்பர் கலப்பில் பிறந்தவரை அன்றைய சமூகம் குறித்த சொல் அது. சாண்டி தன்னை என்ன சொல்லிக்கொண்டார் என்பது விளம்பரத்தில் இல்லை.

அப்புறம், அவர் எடுத்துப்போன பொருட்கள். ஒரு வெள்ளைக் குதிரை, கூடவே செருப்புத் தைக்கும் கருவிகள். அந்தக் கருவிகளை வைத்து வேலை தேடுவார் என்று ஜெஃபர்சனே எழுதுகிறார். பிழைக்க வழி யோசித்துக் கிளம்பிய ஒரு தொழிலாளி இந்த வரியில் தெரிகிறார். எனக்கு விளம்பரத்திலேயே முக்கியமான வரி இதுதான்.

பணத்தையும் பாருங்கள். உள்ளூர் மாவட்டத்தில் பிடித்தால் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு. வர்ஜீனியாவின் மற்ற இடங்களில் 4 பவுண்டு. வேறு காலனி என்றால் 10. சாண்டி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று ஜெஃபர்சன் நினைத்தார் என்பது இந்தத் தொகைகளில் இருக்கிறது.

கடைசிப் படி: இன்னொரு ஆவணத்தைப் பக்கத்தில் வையுங்கள். 1773இல் ஜெஃபர்சன் சாண்டியை 100 பவுண்டுக்கு விற்றதாகக் குறிப்பு இருக்கிறது. பிடிபட்டுவிட்டார்.